பழைய லைப்ரரிக்கு மாற்று எது? பைத்தானுக்கு ஒரு பரிந்துரைக் கருவி கட்டும் முழு வழிகாட்டி

ஒரு பைத்தான் ப்ராஜெக்டில் டெஸ்ட் ஓட்ட நோஸ் என்ற லைப்ரரி இருக்கிறது. அதன் கடைசி வெளியீடு 2015-இல் வந்தது. இனி அந்த இடத்தில் எதை வைப்பது? அனுபவமுள்ள டெவலப்பர் உடனே பைடெஸ்ட் என்பார். ஆனால் அப்படி ஐம்பது லைப்ரரிகள் இருக்கும் ப்ராஜெக்டில், ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்த ஆள் யாரும் இருப்பதில்லை.

அந்தப் பதிலைத் தரும் கருவியை மெஷின் லேர்னிங் மூலம் கட்ட முடியும். நான் ஒருமுறை முழுதாகக் கட்டியிருக்கிறேன். பிறகு புதிதாக வந்த சிலர் அதே வேலையைச் செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாடல் எழுதும் இடத்தில் யாரும் பெரிதாகத் தடுமாறவில்லை. தடுமாறியதெல்லாம் அதற்கு முந்தைய படிகளிலும், அதைச் சோதிக்கும் படியிலும்தான். அதனால் இங்கே அந்த இடங்களில்தான் அதிகம் நிற்கப்போகிறேன்.

## 1. மாற்றா, துணையா என்று முதலில் பிரியுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்: ஒரே ப்ராஜெக்டில் சேர்ந்து வரும் லைப்ரரிகளைப் பார்ப்பது, அதிலிருந்து ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வெக்டர் (எண்களின் வரிசை) செய்வது, மிக நெருங்கிய வெக்டரை மாற்று என்று காட்டுவது. இணையக் கடைகளின் பரிந்துரை முறையைப் படித்தவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும்.

விடை தப்பாக வரும். பைடெஸ்டுக்கு மாற்று கேட்டால், அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணை லைப்ரரியான பைடெஸ்ட்-கவ் வரும். இட்லி தீர்ந்துவிட்டது, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டவருக்குச் சாம்பாரைக் கொண்டுவந்து வைப்பது போன்றது இது. இட்லியும் சாம்பாரும் எப்போதும் சேர்ந்தே வருவதால் எண்கள் அப்படித்தான் சொல்லும். கேட்டவருக்கு வேண்டியது தோசை.

தோசையை எப்படிக் கண்டுபிடிப்பது? இட்லியும் தோசையும் ஒரே இலையில் சேர்ந்து வருவது குறைவு. ஆனால் இரண்டும் ஒரே சாம்பார், ஒரே சட்னியோடுதான் வருகின்றன. லைப்ரரியும் அப்படியே. நோஸும் பைடெஸ்டும் ஒரே ப்ராஜெக்டில் நீண்ட நாள் சேர்ந்திருப்பது அரிது. ஆனால் இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில் இருக்கும் லைப்ரரிகள் ஏறக்குறைய ஒன்றே. இதைவிட வலுவான தடயமும் உண்டு: ஒருவர் ஒன்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்த கமிட் (நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் பதிந்த ஒரு மாற்றம்). நம் கருவியின் அடித்தளம் அந்தக் கமிட்தான்.

எனவே முதல் நாளே ஒரு தாளில் மூன்று சொற்களுக்கு விளக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: மாற்று, பகுதி மாற்று, துணை. ஏழாம் படியில் ஒவ்வொரு ஜோடிக்கும் இந்த மூன்றில் ஒன்றை லேபிளாகப் போடும்போது இந்தத் தாள் இல்லாவிட்டால் சண்டை வரும்.

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல். காரணம் உண்டு: பைத்தானோடு கூடவே வரும் மாட்யூல்களின் பெயர்ப்பட்டியலை சிஸ் மாட்யூலிலிருந்து நேரடியாக எடுக்கும் வசதி அந்தப் பதிப்பில்தான் வந்தது. ஆறாம் படியில் அது தேவைப்படும். கூடவே தரவைக் கையாளப் பாண்டாஸ், மெஷின் லேர்னிங்குக்குச் சைகிட்-லேர்ன், லைட்ஜிபிஎம். ஜிபியு வேண்டாம், சாதாரண மடிக்கணினி போதும், டிஸ்கில் மட்டும் தாராளமாக இடம் இருக்கட்டும்.

கிட் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மெர்ஜ் கமிட் என்றால் என்ன, ஒரு கோப்பின் பெயர் மாறினால் வரலாறு எப்படித் தொடர்கிறது என்பது தெரியாமல் இறங்கினால் ஐந்தாம் படியில் தரவு கெட்டுவிடும், கெட்டது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொரு ஆளும் வேண்டும். லேபிள் போட இரண்டு பேர் தேவை. இதைக் கடைசியில் யோசிப்பவர்கள்தான் அதிகம். முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

## 3. ரெப்போக்களைச் சேகரித்து, நகல்களைக் கழியுங்கள்

சில ஆயிரம் பொது ரெப்போக்கள் (ப்ராஜெக்டின் நிரலும் வரலாறும் உள்ள கிட் களஞ்சியங்கள்) போதும். ஆனால் எந்த ரெப்போ என்பது முக்கியம். குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு வரலாறும், ஒன்றுக்கு மேற்பட்ட பங்களிப்பாளர்களும் உள்ளதை எடுங்கள். ஒரே வாரத்தில் எழுதி விட்டுப்போன ப்ராஜெக்டில் யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

கிட்ஹப் ஏபிஐ வழியாகக் கமிட்களை ஒவ்வொன்றாகக் கேட்காதீர்கள். டோக்கன் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 5,000 கோரிக்கைதான் வழக்கமான வரம்பு. பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். குளோன் செய்வதே நல்லது. அதிலும், ஃபில்டரில் ப்ளாப் நன் என்று கொடுத்தால் கோப்புகளின் உள்ளடக்கம் இல்லாமல் கமிட்களும் கோப்புறை அமைப்பும் மட்டும் இறங்கும். தேவைப்படும் கோப்பைக் கிட் அப்போது தானே கொண்டுவரும். நமக்கு வேண்டியது முதலில் டிபென்டென்சி கோப்புகளின் (ப்ராஜெக்டுக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடுபவை) வரலாறு மட்டும் என்பதால் நேரமும் இடமும் நிறைய மிச்சமாகும்.

பிறகு நகல்களைக் கழிக்க வேண்டும். ஃபோர்க் என்று குறித்தவற்றை மட்டும் தள்ளினால் போதாது. பயிற்சி வகுப்பின் ப்ராஜெக்டை நூறு பேர் தனித்தனி ரெப்போவாக ஏற்றியிருப்பார்கள். அந்த ஆசிரியர் ஒருமுறை செய்த மாற்றம் உங்கள் தரவில் நூறு வாக்காக விழும். ஒரே கமிட் ஹாஷ் இரண்டு ரெப்போவில் இருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். ஆதரவை எண்ணும்போதும் ரெப்போக்களை எண்ணாமல் உரிமையாளர்களை எண்ணுங்கள். ஒரே நிறுவனம் தன் முப்பது ரெப்போவிலும் ஒரே மாற்றத்தைச் செய்திருந்தால், அது ஒரே ஒரு முடிவு.

## 4. பெயர்களை ஒன்றாக்குங்கள்

இதை ஐந்தாம் படிக்கு முன்பே முடிக்க வேண்டும். பின்னால் செய்தால் எல்லா எண்ணிக்கையையும் மறுபடி போட வேண்டும்.

பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ-யில், பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றே. இந்த விதி பெப் 503 என்ற பைத்தான் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அப்படியே நிரலாக்குங்கள். செய்யாவிட்டால், ஒருவர் அடிக்கோட்டை ஹைஃபனாகத் திருத்திய கமிட், ஒரு லைப்ரரியை நீக்கி இன்னொன்றைச் சேர்த்ததாகத் தெரியும்.

இதைவிடச் சிக்கலானது, நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் வேறாக இருப்பது. பியூட்டிஃபுல்சூப்4 என்று நிறுவி பிஎஸ்4 என்று இம்போர்ட் செய்கிறோம். ஓபன்சிவி-பைத்தான் நிறுவினால் சிவி2. சைகிட்-லேர்ன் நிறுவினால் எஸ்கேலேர்ன். ஒவ்வொரு பேக்கேஜின் வீல் கோப்பையும் (நிறுவத் தயாரான தொகுப்பு) திறந்து, அதன் உள்ளே எந்த மாட்யூல்கள் இருக்கின்றன என்று பார்த்து ஒரு அகராதி தயாரியுங்கள். கையால் எழுதினால் முடிவே வராது.

ஒரு விசேஷ நிலையை மட்டும் கையால் குறித்து வையுங்கள். பைகிரிப்டோவின் கடைசி வெளியீடு 2013-இல் வந்தது. அதன் இடத்தைப் பிடித்தது பைகிரிப்டோடோம். இரண்டுக்கும் இம்போர்ட் பெயர் ஒன்றே: கிரிப்டோ. பழைய பிஐஎல்லுக்கும் அதிலிருந்து கிளைத்த பில்லோவுக்கும் இதே உறவுதான். இப்படிப்பட்ட மாற்றத்தில் நிரலில் ஒரு வரிகூட மாறாமல் இருக்கலாம். நிரலில் மாற்றம் தெரிந்தால்தான் நம்புவேன் என்று மாடல் கற்றுக்கொண்டால், மிக எளிதான, மிகப் பயனுள்ள பரிந்துரைகளையே அது தவறவிடும்.

## 5. வரலாற்றிலிருந்து ஜோடிகளை எடுங்கள்

இந்தப் படிக்குத்தான் உங்கள் நேரத்தில் பாதி போகும். போகட்டும்.

அடிப்படை எளிது. ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு, செட்டப் கோப்பு, பைப்ராஜெக்ட் கோப்பு ஆகியவற்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் எடுங்கள். ஒரு கமிட்டில் நீங்கிய பெயர்கள் ஒரு கணம், சேர்ந்த பெயர்கள் இன்னொரு கணம். இரண்டையும் பெருக்கினால் வேட்பாளர் ஜோடிகள். ஐந்து நீங்கி எட்டு சேர்ந்தால் 40 ஜோடி. அவற்றில் உண்மையான மாற்று ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். எனவே பெரிய கமிட்டுக்கு எடை குறைய வேண்டும். ஒரு ஜோடிக்கு முழு 1 கொடுக்காமல், அந்தக் கமிட்டின் மொத்த ஜோடி எண்ணிக்கையால் 1-ஐ வகுத்துக் கொடுங்கள். ஒன்று நீங்கி ஒன்று சேர்ந்த கமிட்டுக்கு முழு 1 கிடைக்கும். மேலே சொன்னதற்கு 0.025.

வரிகளை ஒப்பிடாதீர்கள், பெயர்களை ஒப்பிடுங்கள். பதிப்பு எண் மாறினாலே டிஃப்பில் ஒரு வரி நீங்கி ஒரு வரி சேரும். கமிட்டுக்கு முன்னால் கோப்பிலிருந்த பெயர்கள், பின்னால் இருக்கும் பெயர்கள் என்று இரண்டு கணங்களை முழுதாகக் கட்டி, வித்தியாசத்தை எடுப்பதுதான் சரி. ரெக்வயர்மென்ட்ஸிலிருந்து பைப்ராஜெக்டுக்குக் குடிபெயர்ந்த ப்ராஜெக்டுகளும் உண்டு. எல்லா டிபென்டென்சி கோப்புகளையும் சேர்த்து ஒரே கணமாகப் பார்த்தால் அந்தத் தொல்லையும் தீரும்.

அடுத்து, ஒரே கமிட்டை மட்டும் பார்க்காதீர்கள். கவனமான டெவலப்பர்கள் ஒரே மூச்சில் மாற்ற மாட்டார்கள். முதலில் புதியதைச் சேர்ப்பார்கள், ஒவ்வொரு மாட்யூலாக மாற்றுவார்கள், கடைசியில் பழையதை நீக்குவார்கள். நடுவில் பல வாரம் ஓடும். எனவே புதியது சேர்ந்ததற்கும் பழையது நீங்கியதற்கும் இடையே எத்தனை கமிட் என்பதையும் பதியுங்கள். இடைவெளி கூடக்கூட நம்பிக்கை குறைய வேண்டும்; ஆனால் பூஜ்யமாகிவிடக் கூடாது.

இப்போது, நான் பார்த்த எல்லோரும் விழுந்த பள்ளம். பலர் பிப் ஃப்ரீஸ் (நிறுவிய எல்லா லைப்ரரிகளையும் பட்டியலிடும் கட்டளை) வெளியீட்டை அப்படியே ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பாக வைத்திருப்பார்கள். அதில் அவர்கள் தேர்ந்தெடுத்தவை மட்டுமல்லாமல், அவை இழுத்து வந்தவையும் இருக்கும். 2021 ஜூலையில், இணையக் கோரிக்கைகளை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் 2.26 பதிப்பு வெளிவந்தது. பைத்தான் 3-இல், தான் சார்ந்திருந்த சார்டெட்டை விட்டுச் சார்செட்-நார்மலைசருக்கு அது மாறியது அந்தப் பதிப்பில்தான். ரிக்வெஸ்ட்ஸைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஃப்ரீஸ் செய்த ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் சார்டெட் நீங்கி சார்செட்-நார்மலைசர் சேர்ந்திருக்கும். உங்கள் பட்டியலில் இந்த ஜோடி உச்சியில் வந்து உட்காரும். அந்தந்த டெவலப்பர்கள் அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. முடிவு ஓரிடத்தில் ஒரே ஒருமுறை எடுக்கப்பட்டது.

இதைப் பிடிக்க வழி: அந்த லைப்ரரியை ப்ராஜெக்டின் நிரல் எங்காவது நேரடியாக இம்போர்ட் செய்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெயரும் எந்தக் கோப்பிலும் இம்போர்ட் ஆகவில்லை என்றால் அந்த ஜோடியைத் தள்ளுங்கள். டெஸ்ட் ஓட்டிகள், பிளகின்கள், டேட்டாபேஸ் டிரைவர்கள் போன்றவை இம்போர்ட் ஆகாமலே பயன்படும் என்பதால், அவற்றுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

இம்போர்ட்களை எடுக்க, நிரலை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் ஏஎஸ்டி மாட்யூல் நன்றாக வேலை செய்யும், ஆனால் பைத்தான் 2 காலத்து நிரலில் உடைந்துவிடும். அடைப்புக்குறி இல்லாத ஒரு பிரின்ட் வரி போதும், கோப்பு முழுதும் படிக்க முடியாமல் போகும். புதிதாக வந்த ஒருவர் அந்தப் பிழைகளை அமைதியாக விழுங்கும்படி எழுதியிருந்தார். பழைய ஆண்டுகளின் மாற்றங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. அது தெரியவே நாளாயிற்று. ஏஎஸ்டி தோற்றால் வரிகளை ரெஜெக்ஸால் (எழுத்து வடிவத்தைத் தேடும் முறை) படித்து இம்போர்ட்களை மட்டும் எடுங்கள். எத்தனை கோப்பு தோற்றது என்பதை ஆண்டுவாரியாக எண்ணி அச்சிடுங்கள்.

## 6. எதுவும் சேராமல் நீங்கியவற்றைத் தனியாகப் பாருங்கள்

ஐந்தாம் படி முடிந்ததும் நேராக லேபிளுக்குப் போவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். டிபென்டென்சி கோப்பில் ஒன்று நீங்குகிறது, எதுவும் சேரவில்லை. இவற்றை வீசிவிட்டால் மிகச் சிறந்த விடைகளை வீசுகிறீர்கள்.

முதல் வகை, பைத்தானுக்குள்ளேயே மாற்று வந்துவிட்டது. டெஸ்டுகளுக்குப் போலிப் பொருள்களைத் தரும் மாக் லைப்ரரியின் வேலை பைத்தான் 3.3-இலேயே யூனிட்டெஸ்ட் மாட்யூலுக்குள் வந்தது. நேர மண்டலங்களுக்கான பைடிஇசட்டுக்கு 2020-இல், பைத்தான் 3.9-ஓடு, ஸோன்இன்ஃபோ வந்தது. டாமல் கோப்பைப் படிக்க 3.11-இல் டாமல்லிப் வந்தது. அது படிக்க மட்டும்தான், எழுதாது என்பதால் பகுதி மாற்று என்று லேபிள் போட வேண்டியது. இவற்றில் எதுவும் ரெக்வயர்மென்ட்ஸில் புதிய வரியாக வராது. இம்போர்ட் வரிகளை ஒப்பிட்டால்தான் தெரியும். இரண்டாம் படியில் சொன்ன பெயர்ப்பட்டியலை இங்கே எடுத்து, பைத்தானோடு வரும் மாட்யூல்களையும் வேட்பாளர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை, மாற்றே தேவையில்லை. பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடும்படி எழுத உதவியது சிக்ஸ். 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது; பிறகு மக்கள் சிக்ஸை நீக்கினார்கள், அவ்வளவுதான். சிக்ஸுக்கு மாற்று கேட்பவரிடம் எதையாவது நீட்டுவது அவருக்குச் செய்யும் கெடுதல். "மாற்று வேண்டாம்" என்பதையும் ஒரு வேட்பாளராகவே வரிசையில் வையுங்கள்.

## 7. லேபிள் போடுங்கள்

மூல லைப்ரரிகள் 200 முதல் 300 வரை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையில் முதல் இருபது வேட்பாளர்கள். இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவருடையதை ஒருவர் பார்க்காமல், முதல் படியில் எழுதிய விளக்கத்தை வைத்து லேபிள் போட வேண்டும். பிறகு கோஹென் கப்பா (இருவரின் லேபிள்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் இருவரையும் குறை சொல்லாமல், விளக்கத்தைத் திருத்தி மறுபடி போடச் சொல்வது என் பழக்கம்.

பிரபலமான லைப்ரரிகளை மட்டும் எடுக்காதீர்கள். நோஸுக்குப் பைடெஸ்ட் என்று எல்லோருக்கும் தெரியும். கருவி தேவைப்படுவது யாரும் பேசாத லைப்ரரிகளுக்கு. எண்ணிக்கை அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று அடுக்கிலிருந்தும் சமமாக எடுங்கள்.

## 8. ஃபீச்சர்களைக் கணக்கிடுங்கள்

ஃபீச்சர் என்றால் ஒவ்வொரு ஜோடியைப் பற்றியும் மாடலுக்குக் கொடுக்கும் எண். எத்தனை பேர் அந்த ஜோடியைச் செய்தார்கள் என்ற எண்ணிக்கை முதல் ஃபீச்சர். அதை அந்த மூல லைப்ரரியின் அதிகபட்சத்தால் வகுங்கள். இல்லாவிட்டால் பெரிய லைப்ரரிகளின் எண்கள் சிறியவற்றை அமுக்கிவிடும்.

திசை இரண்டாவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்கள் எத்தனை, திரும்பி வந்தவர்கள் எத்தனை? இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் அங்கே பெயர்ச்சி எதுவும் நடக்கவில்லை. அவரவர் விருப்பம்தான் தெரிகிறது.

கமிட் செய்தியில் இரண்டு பெயரும் சேர்ந்து வருகிறதா என்பது எண்ணிக்கையில் குறைவு, தரத்தில் உயர்வு. ஒருவர் "நோஸை விட்டுப் பைடெஸ்டுக்கு மாறுகிறோம்" என்று எழுதியிருந்தால் அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்புறம் டிஃப்பின் ஒரே துண்டில் பழையதின் அழைப்பு நீங்கிப் புதியதின் அழைப்பு சேர்ந்திருக்கிறதா என்பது. நான்காம் படியில் குறித்த ஒரே இம்போர்ட் பெயர் கொண்ட ஜோடிகளுக்கு இது பூஜ்யமாக வரும்; அதைப் பூஜ்யம் என்று விடாமல், தெரியாது என்று காலியாக விடுங்கள். லைட்ஜிபிஎம் காலி மதிப்பைத் தானே கையாளும்.

சேர்ந்து வாழும் தன்மை அடுத்தது. இரண்டும் ஒரே ப்ராஜெக்டில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்தால் அது துணை. இந்த ஒரு ஃபீச்சர்தான் சாம்பாரைப் பட்டியலிலிருந்து இறக்கும்.

விளக்க உரைகளின் ஒற்றுமையையும் சேர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு லைப்ரரியின் பிளகின், தன் விளக்கத்தில் தாய் லைப்ரரியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும். உரையை மட்டும் பார்க்கும் மாடலுக்கு அதுவே மிக நெருங்கியதாகத் தெரியும்.

ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருந்தால் மாற்றாக இருக்க முடியாது என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டுவார்கள். ஃபாஸ்ட்ஏபிஐ, ஸ்டார்லெட்டின் மேல் கட்டப்பட்டது. ஆனால் ஸ்டார்லெட்டை நேரடியாகப் பயன்படுத்தியவர் ஃபாஸ்ட்ஏபிஐக்கு மாறுவது நியாயமான மாற்றம்தான். எனவே சார்பை ஃபீச்சராக மட்டும் கொடுங்கள், முடிவை மாடல் எடுக்கட்டும்.

## 9. எளிய வரிசையோடு தொடங்கி, பிறகு மாடல்

முதலில் மாடல் இல்லாமல், மேலே சொன்ன ஃபீச்சர்களைப் பெருக்கி ஒரு மதிப்பெண் போடுங்கள். இந்த வரிசையே ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக வரும். இதைத் தாண்டாத மாடலை வைத்திருப்பதில் பயனில்லை.

பிறகு லைட்ஜிபிஎம்மில் உள்ள, வரிசைப்படுத்தக் கற்கும் முறையான லாம்ப்டாமார்ட். ஒவ்வொரு மூல லைப்ரரியும் ஒரு குழு. குழுவுக்குள் வரிசைப்படுத்துவதுதான் வேலை. குழு அளவுகளை வரிசையாகக் கொடுக்கும்போது, தரவின் வரிகளும் அதே வரிசையில் இருக்க வேண்டும். வழக்கம்போல் வரிகளைக் குலுக்கிவிட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, மாடல் மட்டும் குப்பையைக் கற்றிருக்கும்.

தரவைப் பிரிப்பதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. வரிகளைத் தற்செயலாகப் பிரித்தால் ஒரே மூல லைப்ரரியின் வேட்பாளர்கள் இரண்டு பக்கமும் விழுவார்கள், மதிப்பெண் பொய்யாக உயரும். மூல லைப்ரரி வாரியாகப் பிரியுங்கள். அதோடு காலத்தையும் வெட்டுங்கள்: 2021 முடிய உள்ள கமிட்களில் கற்று, அதன் பிறகு நடந்த மாற்றங்களைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

காலத்தை வெட்டுவது கமிட்களோடு முடிவதில்லை. பதிவிறக்க எண்ணிக்கை, நட்சத்திரங்கள், விளக்க உரை எல்லாமே அந்தத் தேதியில் இருந்தபடி வேண்டும். இன்றைய பதிவிறக்க எண்ணைக் கொடுத்தால், யார் வென்றார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். பிடிஎஃப் லைப்ரரியான பைபிடிஎஃப்2-இன் பக்கமே இன்று, பைபிடிஎஃப்-க்குப் போங்கள் என்று சொல்கிறது; அந்த உரையை 2021 தரவில் கலந்தால் மாடல் விடைத்தாளைப் பார்த்து எழுதும்.

## 10. அளவிடுங்கள்

சரியான விடை எந்த இடத்தில் வந்தது என்பதன் தலைகீழ் மதிப்பைச் சராசரி எடுங்கள். எம்ஆர்ஆர் என்பது இதுதான். மூன்று கேள்விகளில் விடை முதல், இரண்டாம், நான்காம் இடங்களில் வந்தால் 1, 0.5, 0.25, சராசரி 0.58. கூடவே முதல் ஐந்துக்குள் விடை வந்த விகிதமும் போதும்.

அதே துறையில் மிகப் பிரபலமானதைக் காட்டு என்ற எளிய விதியோடு ஒப்பிடுங்கள். ஏழாம் படியின் மூன்று அடுக்குகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். ஒரே சராசரி, பெரிய லைப்ரரிகளின் வெற்றியைக் காட்டி மற்றதை மறைத்துவிடும்.

## 11. காட்டும் முன் வடிகட்டுங்கள்

மாடலுக்குச் சட்டம் தெரியாது. பிடிஎஃப் வேலைக்குப் பைமுபிடிஎஃப் அருமையான லைப்ரரி, ஆனால் அதன் திறந்த உரிமம், அதைச் சேர்த்த நிரலையும் திறந்து தரச் சொல்லும் ஏஜிபிஎல். தாராளமான பிஎஸ்டி உரிமம் கொண்ட ஒன்றை மூடிய வணிகப் பொருளில் வைத்திருந்தவருக்கு இதைக் கேள்வி கேட்காமல் பரிந்துரைத்தால் பெரிய சிக்கலில் மாட்டிவிடுவோம். ரிக்வெஸ்ட்ஸ் சார்டெட்டை விட்டதற்கும் எல்ஜிபிஎல் உரிமம் பற்றிய குழப்பமே காரணம். எனவே கேட்பவரின் ப்ராஜெக்ட் உரிமத்தை உள்ளீடாக வாங்குங்கள்.

அடுத்து, பைபிஐ-யில் அந்தப் பேக்கேஜ் உண்மையிலேயே இருக்கிறதா, கேட்பவரின் பைத்தான் பதிப்பில் ஓடுமா, பாதுகாப்புக் குறைகளைப் பதியும் ஓஎஸ்வி தரவுத்தளத்தில் திருத்தப்படாத குறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மொழி மாடலிடம் மாற்று கேட்டு அதையும் வேட்பாளராகச் சேர்ப்பவர்கள் முதல் கேள்வியை ஒருபோதும் விடக் கூடாது. அவை இல்லாத பெயரையும் நம்பும்படி சொல்லும். அந்தப் பெயரில் யாராவது தீய நிரலை ஏற்றிவைத்தால் நம் கருவியே அதை நிறுவச் சொன்னதாகிவிடும். பிரபலமான பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் பேக்கேஜ்களையும் இங்கேயே நிறுத்துங்கள்.

## 12. மதிப்பெண்ணைக் காட்டாதீர்கள், சான்றைக் காட்டுங்கள்

0.87 என்று எழுதிக் காட்டினால் எந்த டெவலப்பரும் ஒரு லைப்ரரியை மாற்ற மாட்டார், நானும் மாட்டேன். இத்தனை உரிமையாளர்கள் மாறினார்கள், அவற்றில் படிக்கத் தகுந்த மூன்று கமிட்கள் இவை என்று இணைப்போடு காட்டுங்கள். சிறிய டிஃப் கொண்டவற்றைத் தேர்ந்தெடுங்கள். மாறும் செலவு எவ்வளவு என்பதை அந்த டிஃப்பே சொல்லிவிடும்.

நடத்தை வேறுபாடுகளை எழுதாமல் விடுவது இந்தப் படியின் பெரிய தவறு. பெயரும் அழைப்பும் ஒத்திருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். ரிக்வெஸ்ட்ஸில் கெட் அழைப்பு ரீடைரெக்டைத் தானே பின்தொடரும். அதன் மாற்றான ஹெச்டிடிபிஎக்ஸ் இயல்பாகப் பின்தொடராது. ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது. ஹெச்டிடிபிஎக்ஸில் 5 நொடி. ஜேசன் எழுதும் லைப்ரரிகளில் யூஜேசனின் டம்ப்ஸ் ஸ்ட்ரிங் தரும். ஓஆர்ஜேசனுடையது பைட்ஸ் தரும்.

நேர மண்டலங்களில் இது இன்னும் கூர்மை. பைடிஇசட்டின் ஏசியா/கொல்கத்தாவை டேட்டைம் கட்டும்போது நேராகக் கொடுத்தால், 5 மணி 30 நிமிடத்துக்குப் பதில் பழைய உள்ளூர் நேரமான 5 மணி 53 நிமிடம் வந்து நிற்கும். அதனால்தான் அதில் லோக்கலைஸ் என்ற தனி அழைப்பு. ஸோன்இன்ஃபோவில் நேராகக் கொடுப்பதுதான் சரியான முறை, லோக்கலைஸ் அங்கே இல்லை. விண்டோஸில் கூடவே டிஇசட்டேட்டா என்ற பேக்கேஜும் வேண்டும். இவ்வளவும் அந்தப் பரிந்துரையோடு சேர்ந்து திரையில் வர வேண்டும்.

இந்தக் குறிப்புகளை முதல் ஐம்பது ஜோடிகளுக்காவது கையால் எழுதுங்கள். கேட்கப்படும் கேள்விகளில் பெரும் பகுதி அந்தச் சில ஜோடிகளிலேயே வந்து விழும்.

## 13. ஓடத் தொடங்கிய பிறகு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய கமிட்களைச் சேர்த்து மறுபடி கற்பியுங்கள். அப்போது ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் கருவி சொல்லி மாறியவர்களின் கமிட்களும் அந்தத் தரவில் இருக்கும். அவற்றையும் எண்ணினால் கருவி தன் சொல்லையே தனக்குச் சாட்சியாக வைக்கும். கருவி உருவாக்கும் கமிட் செய்தியில் ஓர் அடையாள வரி சேர்த்து, எண்ணும்போது அதை விலக்குங்கள்.

புதிதாக வந்த லைப்ரரிக்கு மாறியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், எனவே அது மேலே வராது. அவற்றை உரை ஒற்றுமையால் மட்டும் கண்டுபிடித்து, "இன்னும் சான்று இல்லை" என்று எழுதிய தனிப் பட்டியலாகக் கீழே வையுங்கள். முதன்மைப் பட்டியலில் கலக்க வேண்டாம்.

கடைசியாக, திரும்பி வந்தவர்களைத் தேடுங்கள். மாறிய சில மாதத்தில் பழையதற்கே திரும்பிய ரெப்போக்களின் கமிட் செய்திகளைப் படியுங்கள். பன்னிரண்டாம் படியின் வேறுபாட்டுக் குறிப்புகளில் விடுபட்டவை அங்கே கிடைக்கும். அவற்றை அந்தந்த ஜோடியின் கீழே சேர்த்துவிட்டு அடுத்த மூல லைப்ரரிக்குப் போங்கள்.